செவலைக்குப் போட்ட மூணு கோடு

“ஆமா, நான்தான் சூடு போட்டேன். வேற யாரு போடுவா?”

கோர்ட்டுல நான் வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சு இதுதான். அதுவும் நெஞ்சை நிமித்திக்கிட்டு, வாசல்ல நின்ன போலீஸ்காரருக்கும் கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன். எழுதிக்கிட்டிருந்த மாஜிஸ்திரேட்டு தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கல. குத்தத்தை ஒத்துக்கிட்டாச்சு, அபராதம், மாடு பறிமுதல், ஏலம். ஒரு வெத்தலை போட்டு மெல்லுற நேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு.

வெளிய வந்து படிக்கட்டுல நின்னு எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன். “என்னங்க, மாட்டை எப்பத் தருவாங்களாம்?”

அவரு துண்டால முகத்தைத் தொடச்சிக்கிட்டு, “தர மாட்டாங்களாம்”னாரு. எனக்கு அப்பதான் விஷயமே புரிஞ்சுது. நான் செஞ்ச வைத்தியத்தைப் பத்தி விசாரிக்கிறாங்கன்னு நெனச்சிக்கிட்டு நானே என் கழுத்துக்குச் சுருக்கு மாட்டிக்கிட்டேன்.

மலாயாவுல அவசரகாலம் நடந்துகிட்டிருந்த வருஷங்க அது. செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்துல நாங்க ரெண்டு பேரும் ரப்பர் மரம் சீவிக்கிட்டிருந்தோம். அங்கொண்ணும் இங்கொண்ணுமா கிடந்த லயத்து வீடுங்களையெல்லாம் பிரிச்சு ஒரே இடத்துக்குக் கொண்டாந்து, சுத்தி முள்ளுக்கம்பி வேலி போட்டுட்டாங்க. ஒரே ஒரு கேட்டு. காலையில திறப்பாங்க, சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க. சோறு கட்டிக்கிட்டு வேலைக்குப் போகக் கூடாது. அரிசியோ தவிடோ புண்ணாக்கோ வேலிக்கு வெளிய போனா காட்டுல ஒளிஞ்சிருக்கிற கம்யூனிஸ்டுங்களுக்குப் போயிடுமாம். வெளியேருந்து உள்ள வர்றதுக்கும் நூறு கேள்வி. மனுசங்க பாடே அப்படின்னா மாட்டுப் பாட்டைக் கேக்கணுமா? முன்னெல்லாம் செவலை காலையில போனா வயிறு முட்ட மேஞ்சிட்டு அதுவா வீடு வரும். வேலி வந்த பிறகு, வேலை முடிஞ்சு கேட்டு பூட்டுறதுக்குள்ள நான் ஓடி ஓடி அறுத்துட்டு வர்ற ஒரு கட்டுப் புல்லுதான் அதுக்கு. விலா எலும்பு ஒவ்வொண்ணா வெளிய வர ஆரம்பிச்சுது.

செவலை எங்கம்மா வளர்த்த பசுவோட கன்னு. ஈன்ற அன்னைக்கே தாய்ப்பசு செத்துப் போச்சு. மூங்கில் குழாயில பால் ஊத்தி ஊத்தி நான்தான் அதை எழுப்பி நிறுத்தினேன். அதுக்கு அடுத்த வருஷமே எங்கம்மாவும் போயிட்டாங்க. அம்மா வீட்டுலேருந்து எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். அப்ப அது ஏழு மாசச் சினை வேற.

மழை நாள்ல ஒரு நாள் சாக்கடையில வழுக்கி விழுந்து செவலைக்கு முன்னங்கால் சப்பை விலகிடுச்சு. மூணு காலால நொண்டுது. நான் என்ன செஞ்சேன்? எங்க ஆளுங்க காலங்காலமா செய்யறதைச் செஞ்சேன். தேய்ஞ்சு போன ரப்பர் சீவுற கத்தி ஒண்ணை அடுப்புல பழுக்கக் காய்ச்சி, சப்பை மேல மூணு கோடு இழுத்தேன். எங்க வீட்டுக்காரரு கொம்பைப் பிடிச்சிக்கிட்டாரு. மேல மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு அப்பினேன். ரெண்டும் சேர்ந்தா ஆரத்தித் தண்ணி மாதிரி செக்கச்செவேர்னு ஆகும்ல? அப்படியே வழிஞ்சு காலெல்லாம் இறங்கிடுச்சு.

இதுல இன்னொண்ணும் சொல்லணும். அந்தத் தோட்டத்துலயே சூடு போடறதுக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. “அந்தப் புள்ள கை நல்ல கை, ஒரே இழுப்புல இழுக்கும்”னு பேரு. எனக்கும் அதுல ஒரு மிதப்பு. இல்லேங்கல.

மூணாம் நாள் மிருக வைத்திய இன்ஸ்பெக்டர் வந்தாரு. வேலிக்குள்ள ஆடு மாடு நெரிசலா இருக்குன்னு யாரோ சொல்லியிருப்பாங்க போல. காக்கி கால்சட்டை, கையில நோட்டு, டவுன் தமிழரு. எங்க மாட்டுக் கொட்டாய்ல வந்து நின்னவரு செவலையோட விலாவைப் பார்த்தாரு, காலைப் பார்த்தாரு, செக்கச்செவேர்னு வழிஞ்சிருந்ததைப் பார்த்தாரு.

“யாரும்மா இப்படிச் செஞ்சது?”

“நான்தான்”னேன், பெருமையா.

மறுநாள் லாரி வந்து நின்னுச்சு. ரெண்டு ஆளுங்க பலகை போட்டு மாட்டை ஏத்துனாங்க. நான் லாரிக்கு முன்னாடி போய் நின்னுட்டேன். “சினை மாட்டை நொண்ட நொண்ட இழுத்துட்டுப் போறியே, நீ சோறுதான் திங்கிறியா?”ன்னு அந்த இன்ஸ்பெக்டரைக் கேட்ட கேள்விக்கு லயமே வெளிய வந்து நின்னுச்சு. அவரு பாட்டுக்கு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாரு. அது இன்னும் எரிச்சலா இருந்துச்சு எனக்கு. எங்க வீட்டுக்காரரு வந்து கையைப் பிடிச்சு என்னை ஓரமா இழுத்துட்டுப் போனாரு. மாட்டைப் பட்டினி போட்டு, சூடு வச்சு வதைச்சேன்னு என் மேல கேஸு.

இப்ப மாடு பறிமுதல் ஆயாச்சு. பாச்சாங் பக்கத்துல பிடிச்ச மாடுங்களை அடைக்கிற பட்டி ஒண்ணு இருந்துச்சு, அங்கதான் நிக்குதுன்னாங்க. வர்ற வியாழக்கிழமை ஏலம். ஏலத்துல மாடு எடுக்க யாரு வருவான்னு எனக்குத் தெரியாதா? கறிக்கடைக்காரன்தான் வருவான். நொண்டி மாட்டை வேற எவன் எடுப்பான்?

திங்கக்கிழமை வேலைக்கு மட்டம் போட்டுட்டு மலாக்கா டவுனுக்கு பஸ் ஏறினேன். கோர்ட்டுக்குப் போற வழியில கடைங்களுக்கு முன்னாடி இருக்கிற அஞ்சடி நடைபாதையில, டைப்ரைட்டரை வச்சிக்கிட்டு மனு எழுதுறவங்க உட்கார்ந்திருப்பாங்க. அதுல ஒருத்தரு என்னைவிடச் சின்ன வயசு. ஒல்லி ஒடம்பு, கழுத்துல சிலுவை, மடியில ஒரு பொட்டலம் வேர்க்கடலை. எனக்கென்னமோ அந்தாளைப் பார்த்தா நம்பிக்கையே வரல. ஆனா மத்தவங்க முன்னாடியெல்லாம் கூட்டம்.

நடந்ததைக் கேட்டாரு. கேட்டுட்டுச் சிரிச்சாரு.

“என்ன தம்பி சிரிப்பு? என் மாடு சாகப் போகுது, உனக்குக் கடலையா?”

“கோவிச்சுக்காதீங்க லா அக்கா. திருடனே திருடலன்னு சொல்ற கோர்ட்டுல நீங்க ஒருத்தர்தான் கேக்கிறதுக்கு முன்னாடி ஒத்துக்கிட்டவங்க.”

அப்புறம் கடலைப் பொட்டலத்தை மடிச்சு வச்சிட்டு நிதானமா சொன்னாரு. குத்தத்தை ஒத்துக்கிட்டா பொதுவா அப்பீல் நிக்காதாம். ஆனா நான் ஒத்துக்கிட்டது சூடு போட்டதைத்தான், வதைச்சதை இல்லையாம். “மாட்டை வதைச்சியான்னு கேட்டா ஆமாம்பீங்களா?”ன்னாரு.

“வாயைக் கழுவு”ன்னேன்.

“அவ்வளவுதான் அக்கா. இதைத்தான் எழுதப் போறேன். அப்பீல் மனு உள்ள போயிட்டா ஏலத்தை நிறுத்தி வைக்கச் சொல்லி கேக்கலாம்.”

புல்லு அறுக்க எத்தனை மணிக்கு விடுறாங்க, தவிடு கொண்டாரத் தடை உண்டா, இதையெல்லாம் தோட்டத்து ஆபிஸ்ல கணக்கெழுதுற கிராணிகிட்ட ஒரு கடுதாசியா எழுதி வாங்கிட்டு புதன்கிழமை வரச் சொன்னாரு. அதோட விட்டாரா? ரெண்டு வெள்ளைத் தாளை நீட்டி, கீழே கையெழுத்துப் போடுங்கன்னாரு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவங்க கதையெல்லாம் கேட்டு வளர்ந்தவ நான். “ஏன்யா, ஒரு மாட்டை இழந்தது போதாதா?”ன்னு கத்தினேன். பக்கத்துல மனு எழுதிக்கிட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

அவரு சிரிக்கல. “உங்க தோட்டத்துக் கேட்டை எப்ப சாத்துவாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நம்புனா போடுங்க, நம்பலன்னா புதன்கிழமை வாங்க.”

போட்டேன். திட்டிக்கிட்டேதான் போட்டேன். மூணாவது வரைக்கும் படிச்சவ, என் பேரை நல்லா எழுதுவேன். ஆனா அன்னைக்கு எழுத்து கோணிக்கிச்சு.

கிராணியையும் விடல. செவ்வாய்க்கிழமை அவரு ஆபிஸ் வாசல்ல குத்துக்காலிட்டு உட்கார்ந்துட்டேன். “துரை ஊர்ல இல்ல, நாளைக்கு வா, நாளன்னைக்கு வா”ன்னாரு. “நாளன்னைக்கு மாடு இருக்காது, நான் இங்கயேதான் இருப்பேன்”னேன். சாயங்காலம் ஆபிஸ் சாத்துற நேரத்துல தலையில அடிச்சுக்கிட்டு கடுதாசியை டைப் பண்ணிக் கொடுத்தாரு.

புதன்கிழமை காலையில கடுதாசியை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு கேட்டுக்குப் போனா, கேட்டு திறக்கல. வேலி ஓரமா யாரோ அரிசி மூட்டையைப் புதைச்சு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சு, அன்னைக்கு முழுக்க ஊரடங்கு. ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. காவலுக்கு நின்ன மலாய்க்காரப் பையனை எனக்கு நல்லாத் தெரியும். எத்தனையோ தடவை செவலையோட மோரைக் குடிச்சவன். அவன்கிட்ட அழுதேன், கத்தினேன், கடுதாசியைக் காட்டினேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, “தா போலே லா, அக்கா”ன்னான். முடியாதுங்கறதை அவ்வளவு வருத்தமா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

அந்த ஒரு நாளை எப்படிக் கழிச்சேன்னு கேக்காதீங்க. காலியாக் கிடந்த கொட்டாய்ல போய் உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவை வந்து சாப்பிடக் கூப்பிட்டாரு. மூணாவது தடவை அவரும் பக்கத்துல உட்கார்ந்துட்டாரு.

வியாழக்கிழமை கேட்டு திறந்த மறு நிமிஷம் ரோட்டுல நின்னேன். பஸ்ஸு ஊர்ந்து ஊர்ந்து டவுனுக்குப் போய்ச் சேர்ந்தப்போ வெயில் ஏறிடுச்சு. அஞ்சடிக்கு ஓடினா, தம்பி உட்கார்ந்து கடலை தின்னுக்கிட்டிருக்காரு.

“நேத்து நீங்க வரலன்னதும், நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே மனுவை அடிச்சுக் கொடுத்துட்டேன் அக்கா. ஏலம் நின்னு போச்சு.”

நான் அங்கயே தூண்ல சாஞ்சு உட்கார்ந்து ஓன்னு அழுதேன். அழுதுகிட்டே, “இதை முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே”ன்னு அவரைத் திட்டவும் செஞ்சேன். அவரு பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தி வச்சாரு. ரெண்டு பேரும் தின்னோம்.

அப்பீல் விசாரணைக்கு வர ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. அது வரைக்கும் பட்டிக்குப் போய்ப் பார்க்கவும் விடல. நடுவுல ஒரு நாள் செவலை கன்னு போட்டுடுச்சுன்னு மட்டும் தம்பி மூலமாத் தகவல் வந்துச்சு. ஆணா பொண்ணான்னு தெரியல. பிரசவம் பார்த்தது யாருன்னு தெரியல. முதல் பால் கன்னு குடிச்சுதான்னு தெரியல. நான் மரம் சீவுற கையோட இதையேதான் நெனச்சிக்கிட்டிருப்பேன்.

பெரிய கோர்ட்டு நீதிபதி வெள்ளைக்காரரு, வயசானவரு. அவரு பேசறதைத் தமிழ்ல சொல்ல ஒருத்தர் நின்னாரு. தம்பிக்கு உள்ள வந்து பேச உரிமை இல்ல, அவரு கடைசி பெஞ்சில உட்கார்ந்துட்டாரு. நான் தனியா நின்னேன். கிராணி கடுதாசியை முதல்ல படிச்சாங்க. மாடு ஏன் மெலிஞ்சுதுன்னு கேட்டாரு நீதிபதி.

“மாடு மட்டுமா ஐயா மெலிஞ்சுது? என்னைப் பாருங்க, எங்க வீட்டுக்காரரைப் பாருங்க. வேலிக்குள்ள கொழுத்தவங்க யாராவது இருந்தா காட்டச் சொல்லுங்க.”

மொழிபெயர்க்கிறவரு கொஞ்சம் தயங்கிட்டுத்தான் சொன்னாரு. நீதிபதி வாய் ஓரம் லேசா அசைஞ்சுது. அடுத்து சூடு. அது வைத்தியமா, வதையான்னு கேட்டாரு.

நான் இடது கையைத் திருப்பி நீட்டிக் காட்டினேன். முழங்கைக்குக் கீழே மூணு கோடு, வெளுத்துப் போய், செவலைக்குப் போட்ட அதே மாதிரி.

“ஏழு வயசுல எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. எங்கம்மா போட்டது இது. இது வதைன்னா முதல்ல எங்கம்மாவைப் பிடிங்க. ஆனா அவங்க செத்துப் போயிட்டாங்க. என்னைப் பெத்தவங்க கோவத்துலயா இதைப் போட்டாங்க? நான் மட்டும் அந்த மாட்டு மேல கோவப்பட்டா செஞ்சேன்? என் மேல அவங்களுக்கு இருந்த பாசம்தான் எனக்குச் செவலை மேல.”

ஜெயிச்சுட்டோம்டான்னு எனக்கு உள்ளுக்குள்ள. நீதிபதி பேனாவை வச்சிட்டு என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம் ஒரு கேள்வி கேட்டாரு.

“வலிச்சுதான்னு கேக்கிறாரும்மா.”

எல்லாக் கேள்விக்கும் பதிலு தயார் பண்ணிட்டுப் போனவ நான். இதைத் தம்பியும் சொல்லிக் கொடுக்கல, நானும் யோசிக்கல. வாயில வந்தது உண்மைதான்.

“வலிச்சுது ஐயா. மூணு நாள் அம்மாகிட்டயே போகல.”

அவரு எழுதிக்கிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு தீர்ப்பைச் சொன்னாரு. நான் அன்னைக்குச் சொன்னது குத்தத்தை ஒத்துக்கிட்டதா ஆகாது. தீர்ப்பு ரத்து. மறுபடி விசாரிக்கணும்னா சர்க்கார் விசாரிக்கலாம், அது வரைக்கும் மாடும் கன்னும் என்கிட்ட இருக்கட்டும். மாட்டுக்கு அடிபட்டா இனிமே வைத்தியரைக் கூப்பிடணும். அதுக்கப்புறம் யாரும் மறுபடி விசாரிக்கல.

தம்பி வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. “கடைசியில ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னீங்களே, அதுதான் அக்கா”ன்னாரு. நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு சரியா வரல.

தோட்டத்து லாரியை ஒரு நாளைக்குக் கெஞ்சி வாங்கிக்கிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் பாச்சாங் பட்டிக்குப் போனோம். அந்த இன்ஸ்பெக்டர்தான் கதவைத் திறந்தாரு. நான் அவரை ஏற இறங்கப் பார்த்துட்டு உள்ள போனேன். உள்ள செவலை நின்னுச்சு. எங்க செவலையா அது! விலா மூடி, தோல் பளபளன்னு, நாலு காலையும் ஊனி நிக்குது. பக்கத்துல ஒரு கிடாரிக் கன்னு, அதே செவலை நிறம், நெத்தியில மட்டும் ஒரு வெள்ளை. சப்பையில புண்ணு காய்ஞ்சு மூணு கோடும் தழும்பாயிருந்துச்சு.

இன்ஸ்பெக்டர் அதோட கழுத்தைத் தட்டிக் கொடுத்தாரு. அசையாம நின்னுச்சு. நான் கிட்டப் போய், “என்னைப் பெத்தவளே”ன்னு சப்பையில கை வச்சேன்.

செவலை வெடுக்குன்னு ஒதுங்கிச்சு. தோலெல்லாம் நடுங்கிச்சு. கன்னை முட்டித் தள்ளிக்கிட்டு மூலைக்குப் போய், அங்கேருந்து என்னைப் பார்த்துச்சு.

கோர்ட்டுல நான் சொன்னது சட்டுனு எனக்கு ஞாபகம் வந்துச்சு. மூணு நாள் அம்மாகிட்டயே போகல. வைத்தியம்னு எனக்குத்தான் தெரியும், அதுக்கு என் கையும் நெருப்பும் மட்டும்தான் தெரியும். ஜெயிச்ச கேஸை நெனச்சு அந்த இடத்துல எனக்கு வெக்கமாப் போச்சு. இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன், வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. அப்புறம் ஒரு டப்பா களிம்பைக் கொண்டாந்து கொடுத்து, “தழும்பு இழுக்காம இருக்கும், தினம் தடவுங்கம்மா”ன்னாரு. “பிரசவம் பார்த்தது யாரு?”ன்னு கேட்டேன். “நான்தான்”னாரு. அன்னைக்கு நான் சொன்ன அதே வார்த்தைதான், ஆனா அவரு சத்தமா சொல்லல. லாரி முன்னாடி நின்னு பேசினதுக்கெல்லாம் மன்னிச்சிருங்கன்னேன். வாழ்க்கையில நான் அந்த வார்த்தையைச் சொன்னது கொஞ்ச தடவைதான்.

கேட்டு பூட்டுறதுக்குள்ள வந்து சேர்ந்தோம். காவலுக்கு நின்ன அந்தப் பையன் கன்னைத் தூக்கி இறக்கினான். லயமே கூடி நின்னு பார்த்துச்சு.

மறுநாள் நான் செம்பை எடுத்துக்கிட்டுப் போனா செவலை காலைத் தூக்குது. எங்க வீட்டுக்காரரு கறந்தாரு. ரெண்டாம் நாளும் அவருதான். மூணாம் நாளும் அவருதான். நான் தூரத்துல புல்லைப் போட்டுட்டு வந்துருவேன். அந்த ரப்பர் கத்தியை எடுத்துட்டுப் போய் ஆத்துல வீசினேன். அதுக்கப்புறம் யாரு வந்து சூடு போடக் கூப்பிட்டாலும், “இன்ஸ்பெக்டருக்குச் சொல்லி அனுப்பு, நல்ல மனுசன், வருவாரு”ன்னுதான் சொன்னேன். “கோர்ட்டுக்குப் போனதும் பயந்துட்டா”ன்னு பேசிக்கிட்டாங்க. பேசிட்டுப் போகட்டும்.

நாலாம் நாள் விடிஞ்சதும் கொட்டாய்க்குப் போய் செவலைக்கு எதிர்ல உட்கார்ந்தேன். களிம்பை விரல்ல எடுத்து அதுக்குத் தெரியற மாதிரி நீட்டிக்கிட்டு, மெதுவா சொன்னேன்.

“ஆமா, நான்தான் போட்டேன்.”

நெடு நேரம் பார்த்துச்சு. அப்புறம் கழுத்தை நீட்டி என் கையை மோந்துச்சு, முழங்கைக்குக் கீழே இருந்த அந்தத் தழும்பையும் சேர்த்து நக்குச்சு. களிம்பைத் தடவினேன், நடுங்குச்சு, ஆனா நகரல. கன்னை அவுத்து விட்டுக் குடிக்க வச்சிட்டு நான் செம்பை வச்சேன். அன்னைக்குக் காலையில செம்பு நெறைஞ்சுது.